ஆறு பேசும்போது விலகிக்கொண்ட ரேடியோ

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு இளம் பொறியாளர்கள் சேலம் சூரமங்கலத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருவருக்கு உரிமம் கொடுத்த அலைவரிசையை இன்னொருவரும் பகிர்ந்துகொள்ள விடலாமா என்ற பேச்சு இப்போது துறைக்குள் நடக்கிறது. அதில் அவர்களுக்கும் வேலை இருக்கிறது. காப்பி ஆறுவதற்குள் ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"மேடம், சர்வீஸ் பூரா அடுத்தவங்க சேனல்ல நுழைஞ்சவங்களைத் தேடித் தேடிப் பிடிச்சீங்க. கடைசியில நீங்களே ஒருத்தரை உள்ள விடலாம்னு சொன்னீங்களாமே. எப்படி மனசு வந்துச்சு?"

உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்ல ஆரம்பித்தவள், பாதிக் கதையில் எழுந்து நின்று கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். "இதை அப்படியே எழுதிடுங்க" என்றார்கள். எழுதுகிறேன். ஆற்றில் வெள்ளம் வந்த அந்த மத்தியானத்தை நினைத்தால் எனக்கு இன்றும் உட்கார முடிவதில்லை.

நான் ராசிபுரத்தில் தறிக்குடும்பத்தில் பிறந்தவள். பெயர் கோமதி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துச் சில வருஷம் கழித்து வயர்லெஸ் கண்காணிப்பு நிலையம் ஒன்றில் தொழில்நுட்ப உதவியாளராக வேலை கிடைத்தது. பயிற்சிக் காலத்தில் காலையெல்லாம் பாடம், மத்தியானத்துக்கு மேல் ஹெட்போன். காதுமடல் சிவந்து எரியும். வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் காதுக்குள் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல இருப்பது.

வேலையைப் புரிய வைப்பது சுலபம். காற்றில் போகும் அலைவரிசைகளை அரசாங்கம் துண்டு துண்டாகப் பிரித்து, இது போலீசுக்கு, இது ரயிலுக்கு, இது டிவிக்கு, இது செல்போன் கம்பெனிக்கு என்று உரிமம் கொடுத்திருக்கிறது. ஒருவருடைய துண்டில் வேறு யாருடைய சத்தமாவது கேட்டால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவது எங்கள் வேலை.

என் மேலதிகாரி ரெஜினா மேடம். நாகர்கோவில்காரர். என்னைவிட ஒரு வயது இளையவர். நான் சேர்ந்தபோது அவர் புதிய பொறியாளர்; நான் ஓய்வு பெறும்போது எங்கள் வட்டாரத்துக்கே தலைவர். டிரைவரிலிருந்து டீ கொண்டுவருபவர்வரை எல்லோரையும் "நீங்க" என்றுதான் சொல்வார். புகார் வந்த இடத்துக்குப் போனதும் முதல் வேலையாக எங்கள் ஜீப்பை அணைக்கச் சொல்வார். பிறகு ஜீப்பிலிருக்கும் வயர்லெஸ், எங்கள் கையிலிருக்கும் கருவிகள், எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். "முதல்ல நம்ம சத்தம் இல்லைன்னு தெரியணும்" என்பார். அதற்குப் பிறகுதான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். அப்போது யாராவது பேசினால் கோபிக்க மாட்டார். கையை மட்டும் லேசாக உயர்த்துவார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. சந்தேகப்படும் கருவியை ஒருமுறை அணைத்துப் பார்த்து, இரைச்சல் நின்றுவிட்டது என்று எழுதிவிட மாட்டார். அணைக்க வேண்டும், போட வேண்டும், மறுபடி அணைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதேமாதிரி நடந்தால்தான் பெயரை எழுதுவார். "இன்னொரு தரம்" என்ற சொல்லை அவர் சொன்ன அளவுக்கு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் சேர்ந்த புதிதில் சூரமங்கலத்தில் ஒரு புகார். ரயில்வே யார்டில் பெட்டிகளைப் பின்னுக்குத் தள்ளும்போது என்ஜின்காரரும் கீழே நிற்பவரும் பேசிக்கொள்ளும் வயர்லெஸ்ஸில் சாயங்காலம் ஆனால் "உஸ்" என்று ஓர் இரைச்சல். "நிறுத்து" என்ற சொல் அந்த இரைச்சலில் அமுங்கிப் போனால் கீழே நிற்பவரின் கதி என்ன? ஜீப்பின் மேல் திசைகாட்டும் ஆன்டெனாவை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக ஊர்ந்து போனோம். கடைசியில் அது எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு குடும்பத்தின் மொட்டை மாடியில். டிவி ஆன்டெனாவில் மாட்டியிருந்த பூஸ்டர் என்னும் சின்னப் பெட்டி கெட்டுப்போய், டிவி படத்தை வாங்குவதற்குப் பதிலாக அதுவே ஊருக்கெல்லாம் சத்தம் அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இதைக் கழட்டிட்டா படமே தெரியாதுங்க. எங்க ஊட்டுல ஒரு பெட்டி இருக்கறது உங்க கண்ணைக் குத்துதா?"

ரெஜினா மேடம் பூஸ்டரை அணைத்தார், போட்டார், அணைத்தார். யார்டில் நின்ற ஆள் ஒவ்வொரு தடவையும் இரைச்சல் போனதையும் வந்ததையும் சொன்னார். பெட்டியைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகு நான் கிளம்பத் தயாரானேன். மேடம் அசையவில்லை.

"கோமதி, நீங்க கம்பத்தைப் பிடிச்சுத் திருப்புங்க. அம்மா கீழ போய்ப் படம் தெரியுதான்னு பாருங்க."

வெயில் முழுதாக இறங்கும்வரை நான் அந்தக் கம்பத்தைத் திருப்பினேன். "தெரியுதாங்கம்மா?" "கோடு கோடா வருது." "இப்ப?" "ஆளு ரெண்டா தெரியறாங்க." கடைசியில் பூஸ்டர் இல்லாமலே படம் வந்தது. அந்த அம்மா எங்களுக்கு முறுக்கு கொடுத்தார். ஒருவரை அடுத்தவரின் சேனலிலிருந்து இறக்கிவிட்டு அப்படியே திரும்பக் கூடாது, அவருக்கு வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை மேடம் எனக்கு வாயால் சொன்னதே இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ மாடிகள், தறிக்கூடங்கள், லாரிப் பட்டறைகள். இளம்பிள்ளையில் ஒரு பட்டறையின் வெல்டிங் இயந்திரம், எடப்பாடியில் உரிமமில்லாத வாக்கிடாக்கி. ஒவ்வொன்றிலும் ஒருவரை வெளியேற்றியிருக்கிறேன். அடுத்தவருடைய அலைவரிசைக்குள் நுழைவது தவறு என்பது எனக்குள் ஊறிப்போயிருந்தது.

ஓய்வு பெற இரண்டு கோடைகள் இருந்தபோது இம்ரான் வந்தார். பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஆசிரியர். சதா வேகமாகப் பேசுபவர். பேசும்போது மேசையில் விரலால் தாளம் போடுவார். சோதனை உரிமம் கேட்டு வந்திருந்தார்.

"இது காக்னிட்டிவ் ரேடியோ மேடம். சுத்தி என்ன நடக்குதுன்னு தெரிஞ்சு அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கற ரேடியோ. பேசறதுக்கு முன்னாடி கேக்கும். சேனல் காலியா இருந்தா ஒரு துளி நேரம் பேசும். வாயை மூடிட்டு மறுபடி கேக்கும். சொந்தக்காரர் சத்தம் வந்துச்சுன்னா அடுத்த நொடி வேற காலிச் சேனலுக்குப் போயிரும்."

"அதாவது ஆளில்லாத வீட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும். ஆள் வந்தா பின்வாசல் வழியா ஓடிரும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, "வீடு எவ்வளவு நேரம் பூட்டிக் கிடக்குன்னு பார்த்திருக்கீங்களா மேடம்?" என்றார்.

பார்த்ததில்லை. சத்தம் இருக்கும் இடத்தைத் தேடுவதுதான் எங்கள் தொழில். மௌனத்தை யாரும் அளக்கச் சொன்னதில்லை. ரெஜினா மேடம் அளக்கச் சொன்னார். காரின் மேல் ஆன்டெனாவை வைத்து, சேலத்தில் கிளம்பி ராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாக ஆற்றங்கரைவரை ஓட்டினோம். மடியில் ஒரு திரை. அதில் அலைவரிசைகள் பக்கவாட்டில் வரிசையாக நிற்கும். நேரம் மேலிருந்து கீழாக வழியும். யாராவது பேசினால் மஞ்சள் கோடு. யாரும் பேசாவிட்டால் கறுப்பு.

நாமக்கல் தாண்டியபோது திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. கறுப்பு. ஒரு மஞ்சள் கீற்று, மறுபடி நெடுக கறுப்பு. எல்லாம் உரிமம் கொடுத்த இடங்கள். புதிதாக ஒருவர் வந்து கேட்டால் "இடமில்லை, எல்லாம் ஒதுக்கியாகிவிட்டது" என்று நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இடமில்லாத இடம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கி நின்றேன். கண்ணெதிரே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. என் கண்ணுக்கு மட்டும் தலைக்கு மேலே ஒரு பெரிய காலி மைதானம் தெரிந்தது. இத்தனை வருஷம் பார்த்த வேலை அன்றைக்குத்தான் தொடங்கியதுபோல இருந்தது.

சோதனைக்குத் தேர்ந்தெடுத்த சேனல்கள் ஆற்று நீர்மட்டத்தைக் கண்காணிக்கும் அலுவலகம் ஒன்றுக்குச் சொந்தமானவை. காவிரிக் கரை நெடுகிலும் அவர்களுக்குச் சின்னச் சின்ன நிலையங்கள் உண்டு. ஒவ்வொன்றும் தன் சேனலில் அவ்வப்போது நீர்மட்டத்தை அனுப்பும். நாமக்கல் பக்கத்து மலையொன்றின் மேலிருக்கும் ஆன்டெனா அதை வாங்கிக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொடுக்கும். மீதி நேரம் சேனல் சும்மா கிடக்கும். வெள்ளம் வந்தால் மட்டும் எல்லா நிலையங்களும் விடாமல் பேசும்.

அந்த அலுவலகத்தின் பொறுப்பாளர் தணிகாசலம். ஆத்தூர்க்காரர். அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்க மெசேஜ் ஒண்ணே ஒண்ணு தவறினாலும் அன்னிக்கே மூடிடணும். தவறுச்சா இல்லையான்னு சொல்றது உங்க ஆபீஸ். சரியா?" என்றார். சரி என்றோம். அப்படிச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

மறுபக்கத்தில், அந்தக் காலி நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள இருந்தவர் பூங்கொடி. பரமத்திவேலூருக்கும் மோகனூருக்கும் நடுவில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். நாலு பக்கமும் மூடிய புதுவகை ஷெட்டுகள். உள்ளே பெரிய மின்விசிறிகள் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். வீடு ஓரிடத்தில், ஷெட்டுகளோ ஒரு கரட்டுக்கு, அதாவது பாறைக்குன்றுக்கு, அந்தப் பக்கம். செல்போன் சிக்னல் அங்கே வரும், போகும். கேபிள் இழுக்கலாம் என்றால் நடுவில் அடுத்தவரின் விவசாயக் காடு.

"வெயிலு நேரத்துல ஃபேனு நின்னா அவ்வளவுதானுங்க மேடம்" என்றார் முதல் நாளே. "கோழி வாயைப் பொளந்துட்டு மூச்சு வாங்கும். நாம வண்டியில கரட்டைச் சுத்தி அக்கட்டால போயிச் சேர்றதுக்குள்ள விழுக ஆரம்பிச்சிரும். போன வருசம் ஒரு ஷெட்டு அப்புடித்தான் போச்சுங்க. குழி தோண்டிப் புதைச்சோம். அன்னிக்கி நான் சோறு திங்கலீங்க."

பேட்டரியில் ஓடும் இம்ரானின் ரேடியோ ஷெட்டின் வெப்பத்தை வீட்டுக்குச் சொல்லும். வீட்டிலிருந்தபடியே ஜெனரேட்டரைப் போடச் சொல்லிக் கட்டளையும் அனுப்பும். மாட்டிய அன்று பூங்கொடி வீட்டு முற்றத்தில் நின்று பட்டனை அழுத்தினார். கரட்டுக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் உறுமும் சத்தம் மெல்ல வந்தது. அவர் மறுபடி அழுத்தி நிறுத்தினார். மறுபடி போட்டார். ரெஜினா மேடம் என் பக்கம் குனிந்து, "நம்ம டெஸ்ட்டை நல்லாப் பண்றாங்க" என்றார்.

வாரக்கணக்கில் எல்லாம் நன்றாக நடந்தது. ஆற்று நிலையம் அளவைச் சொல்வதற்கு முன்னால் ஒரு முன்னொலி அனுப்பும். அது முடிவதற்குள் பண்ணை ரேடியோ விலகியிருக்க வேண்டும். திரையில் அதைப் பார்ப்பது எனக்குச் சலிக்கவே இல்லை. ஆற்றின் கோடு தலைகாட்டும். பக்கத்திலிருந்த மெல்லிய கீற்று அறுந்து வேறிடத்தில் முளைக்கும்.

பிறகு ஒரு காலை தணிகாசலத்திடமிருந்து போன். ஜேடர்பாளையத்துக்குக் கீழே இருக்கும் நிலையத்தின் அளவு வரவில்லை. அடுத்ததும் சிதைந்து வந்திருக்கிறது.

போனோம். மேடம் ஜீப்பை அணைக்கச் சொன்னார். ஆற்று நிலையத்தில் ஓர் ஆள், கட்டுப்பாட்டு அறையில் தணிகாசலம், பண்ணையில் நாங்கள். பண்ணை ரேடியோவை அணைத்தோம். ஆற்றின் செய்தி முழுசாகப் போய்ச் சேர்ந்தது. போட்டோம், சிதைந்தது. "இன்னொரு தரம்." மறுபடி அணைத்தோம், போட்டோம். சந்தேகமே இல்லை. தவறு எங்கள் ரேடியோவுடையது.

இம்ரான் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அது கேட்டுட்டுத்தான் மேடம் பேசுது. நான் பக்கத்துலயே இருந்து பார்த்தேன். சேனல் காலின்னுதான் காட்டுது."

நான் என் கையிலிருந்த ரிசீவரை ஷெட்டிலிருந்த ரேடியோவின் பக்கத்தில் வைத்து ஹெட்போனை மாட்டினேன். ஆற்று நிலையத்தை அனுப்பச் சொன்னோம். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அனுப்பியது உண்மை. நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் கரடு.

ரிசீவரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினேன். இம்ரான் பின்னால் ஓடிவந்தார். பாறை காலைச் சுட்டது. கள்ளிச் செடி புடவையைப் பிடித்து இழுத்தது. உச்சிக்கு வந்ததும் ஒருபக்கம் ஆறு வெள்ளிக் கம்பியாகத் தெரிந்தது, மறுபக்கம் பூங்கொடியின் ஷெட்டுகள், தூரத்தில் ஆன்டெனா நிற்கும் மலை. "அனுப்பச் சொல்லுங்க" என்றேன். ஆற்று நிலையத்தின் குரல் காதில் வந்து அறைந்தது. அவ்வளவு தெளிவு. ஹெட்போனைக் கழற்றி இம்ரானின் காதில் வைத்தேன். அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே.

பாறை விளிம்பில் நின்று மேடத்துக்குக் கேட்கக் கீழே கத்தினேன். இறங்கும்போது வழுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டதுகூட வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

நடந்தது இதுதான். அந்த ஆற்று நிலையத்தின் சேனலுக்குப் பண்ணை ரேடியோ போனது அன்றுதான் முதல்முறை. நிலையம் தூரத்தில், அதற்கும் ஷெட்டுக்கும் நடுவில் கரடு. அதனால் பண்ணை ரேடியோவுக்கு ஆறு பேசுவது கேட்கவில்லை. காலி என்று நினைத்துப் பேசியது. ஆனால் மலைமேல் இருந்த ஆன்டெனாவுக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள். இருவர் குரலும் அங்கே போய் மோதின. மூச்சு வாங்க நான் சொல்லி முடித்ததும் மேடம் தலையசைத்தார்.

"அது பொய் சொல்லல. அதுக்குக் கேக்கல. அப்ப அது நிக்கிற இடத்துல இருந்து மட்டும் கேட்டா போதாது."

ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். சோதனையை அன்றே நிறுத்தினோம். மறுநாள் தணிகாசலத்தின் அறையில் கூடினோம். கரட்டின் மேலும், ஆற்றுப் பக்கம் பார்த்த பக்கத்துப் பண்ணைகள் இரண்டின் கூரையிலும் கேட்க மட்டும் ஆன்டெனாக்கள் வைக்கிறோம், ஓர் ஆன்டெனாவுக்குக் கேட்டாலும் வீட்டு ரேடியோவும் ஷெட்டு ரேடியோவும் விலகிவிடும் என்று இம்ரான் படம் போட்டுக் காட்டினார். தணிகாசலம் படத்தைப் பார்க்கவில்லை.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல வெள்ளம் வருதுன்னு ஒரு மெசேஜ் லேட்டா வந்துச்சு" என்றார். "படித்துறையில துவைச்சிட்டிருந்தவங்களை எல்லாம் ஓடி ஓடி மேல ஏத்தினோம். ஆத்து நடுவுல ஒரு பரிசல். கத்தினோம். கேக்கல. ஓட்டினவரு நீந்தி வந்துட்டாரு. கூட இருந்தவங்க வரல. உங்க காதை நம்பி நான் இதை எப்படித் தொறக்கறது?"

 அவர் சொன்னதில் தவறே இல்லை.  என் சர்வீஸ் முழுக்க நான் நின்றது அவருடைய பக்கம்தான். ஆனால் கரட்டின் உச்சியில் காதில் விழுந்த அந்தக் குரல் என்னை விடவில்லை.

"நம்ப வேண்டாம் சார்" என்றேன். "ஆத்துல தண்ணி கம்மியா இருக்கற இந்த மாசத்துல பொய்யா வெள்ளச் செய்தி அனுப்புங்க. நெனச்ச நேரத்துக்கு, எங்ககிட்டச் சொல்லாம. உங்காளு அளவுக்கோலைப் பார்த்து போன்லயும் சொல்லட்டும். நிஜமான எதுவும் இந்த ரேடியோவை நம்பி இருக்க வேண்டாம். ஒண்ணு தவறினாலும் மூடணும்னு நானே எழுதித் தர்றேன்."

அவர் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "நெனச்ச நேரத்துக்கு அனுப்புவேன்" என்றார். ஆன்டெனாக்களை வைத்த பிறகு அனுப்பவும் செய்தார். விடியலில், சாப்பாட்டு நேரத்தில், ஒரு தடவை எல்லா நிலையங்களையும் ஒன்றாகப் பேச வைத்து. ஒன்றுகூடத் தவறவில்லை. சோதனை மறுபடி தொடங்கியது.

ஆடி பிறந்து மேற்கே எங்கோ மழை கொட்டியது. மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள். எங்கள் பக்கம் ஒரு துளி இல்லை. வெயில் பங்குனி போலக் கொளுத்தியது. ஆறு மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. தணிகாசலம் எங்களைக் கட்டுப்பாட்டு அறைக்கே வந்து உட்காரச் சொன்னார். ஒரு சுவரில் அவருடைய நீர்மட்டங்கள். மேசையில் என் திரை. ரெஜினா மேடம் என் பக்கத்தில். இம்ரான் கரட்டின் மேல்.

காலையில் மேல்பக்க நிலையம் விடாமல் பேச ஆரம்பித்தது. பண்ணையின் கீற்று அறுந்தது. இரண்டு சேனல் தள்ளி முளைத்தது. "போயிட்டாங்க" என்றேன். தணிகாசலம் தன் சுவரைப் பார்த்து, "முழுசா வந்துச்சு" என்றார். அடுத்த நிலையம் விழித்தது. கீற்று மறுபடி நகர்ந்தது. "முழுசா வந்துச்சு."  நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டே பார்த்தேன்.

உச்சி வெயிலில் பண்ணையின் கீற்று திடீரென்று அடர்ந்தது. இம்ரான் போனில் வந்தார். "பூங்கொடி மேடம் பண்ணையில கரண்ட் போயிருச்சு. கடைசி ஷெட்டுல ஃபேன் நின்னுருச்சு. ஜெனரேட்டர் தானா வரல." பின்னாலேயே பூங்கொடி அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், நான் இங்கிருந்து ஜெனரேட்டரைப் போட்டேனுங்க. கொறட்டை விட்டுட்டு நின்னுக்குதுங்க. ஆளை வண்டியில அனுப்பியிருக்கேன், இன்னும் போய்ச் சேரல. மறுபடி மறுபடி போட்டுட்டே இருக்கேனுங்க. உள்ள சூடு ஏறிட்டே இருக்குதுங்க."

அதே நேரம் கீழ்ப்பக்க நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழித்தன. திரையில் மஞ்சள் கோடுகள் வரிசை கட்டி நிரம்பின. பண்ணையின் கீற்று ஒவ்வொரு தடவையும் விலகியது, அடுத்த காலி இடத்தைத் தேடியது, கொஞ்சம் பேசியது, மறுபடி விலகியது. ஒரு தடவைகூட ஆற்றின் மேல் விழவில்லை. ஆனால் காலி இடம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. கரையோர ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சேனல். வெள்ள நாளில் அதில் பேச்சு ஓயவே ஓயாது. யாராவது வாய் திறந்தால் பண்ணை ரேடியோ அடங்கிவிடும். அவர்கள் நிறுத்தும் இடைவெளியில் ஒரு துளி பேசும். மறுபடி அடங்கும். பூங்கொடியின் கட்டளை பாதியில் நின்றுகொண்டிருந்தது.

"போக மாட்டேங்குதுங்க மேடம்" என்றார் பூங்கொடி. "பட்டனை அழுத்தறேன், ஒண்ணும் ஆகல."

நான் மேடத்தைப் பார்த்தேன். எங்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை. சேனல் ஆற்றுடையது, பேசுபவர்கள் அதன் ஆட்கள். விலகும்படி செய்ததே நாங்கள்தான்.

தணிகாசலம் தன் சுவரை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். எல்லா நிலையத்தின் அளவும் முழுசாக வந்து பச்சை காட்டியது. நடந்து வந்து என் திரையின் மேல் குனிந்தார்.

"இதுல அவங்க எது?"

காட்டினேன். சேனலின் ஓரத்தில் துண்டு துண்டாகத் தவித்துக்கொண்டிருந்த மெல்லிய கீற்று.

அவர் மேசைமேலிருந்த மைக்கை எடுத்தார். "எல்லா கரையோர ஆளுங்களும் கேளுங்க. இந்தச் சேனல்ல நான் சொல்ற வரைக்கும் யாரும் பேசக் கூடாது. என்ன இருந்தாலும் எனக்கு போன் பண்ணுங்க. ஒருத்தரும் பேசாதீங்க." சொல்லிவிட்டு மைக்கைக் கவிழ்த்து வைத்தார்.

சேனல் கறுத்தது. அடுத்த கணம் கீற்று நேராக, அடர்த்தியாக, நிற்காமல் இறங்கியது.  மேடத்தின் கை என் தோளில் இருந்தது. போனில் பூங்கொடி யாரிடமோ "அழுத்தறேன், அழுத்தறேன்" என்று சொல்வது கேட்டது.  பிறகு ஒரு பெருமூச்சு.

"புடிச்சிருச்சுங்க மேடம். ஜெனரேட்டர் ஓடுது. ஃபேனு சுத்துதுன்னு வருது. ஆளும் போய்ச் சேந்துட்டான். சூடு எறங்குதுங்க."

நான் இம்ரானிடம் போனில் ஏதோ கத்தினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தணிகாசலத்தின் போன்கள் மேசையில் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. கரையோர ஆட்கள் ஒவ்வொருவராகப் போனில் அளவு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்றைக் காதில் வைத்துப் பேசி முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார். கை மைக்கின் மேல் இருந்தது, எடுக்கவில்லை.

"அந்தம்மாவுக்கு இந்தச் சேனல் இன்னும் வேணுமான்னு கேளுங்க. போதும்னு சொன்னாத்தான் எங்க ஆளுங்களைப் பேசச் சொல்லுவேன்."

சொந்தக்காரர் ஒருவர் தன் சேனலில் தான் பேசலாமா என்று இன்னொருவரிடம் கேட்டதை என் சர்வீஸில் அன்றைக்குத்தான் பார்த்தேன். பூங்கொடி இருந்த போனின் பக்கம் குனிந்து அதைக் கேட்டேன்.

"இல்லீங்க மேடம், போதுமுங்க" என்றார் அவர். "ஆத்தைப் பேசச் சொல்லுங்க."